25 வருஷம் கழித்துக் கூடும் வகுப்பு: யாரை முதலில் தேடுவது, பணத்தை எப்படி வைப்பது

கேள்வி: மேலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2001-ல் பிளஸ் டூ முடித்தோம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளி. 25 வருஷம் ஆவதையொட்டி ஒரு சந்திப்பு நடத்தி, அப்படியே முன்னாள் மாணவர் சங்கமும் தொடங்க நினைக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் 38 பேர் இருக்கிறோம், அதில் பெண்கள் 4 பேர்தான். எந்த மாதம் வைக்கலாம்? சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா? சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பர் பள்ளி வாசலில் வளைவு கட்ட 5 லட்சம் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? சந்தா எவ்வளவு வைப்பது?

பதில்:

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த 38, 4 என்ற கணக்கைப் பேசியாக வேண்டும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படிப் பல சந்திப்புகளுக்குக் கூடமாட நின்று வேலை பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். வரத் தயங்குகிறவர்களை மனசில் வைத்து ஏற்பாடு செய்த சந்திப்புதான் அடுத்த வருஷமும் நடக்கிறது, சங்கமாகவும் நிற்கிறது. வர ஆசைப்படுகிறவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். அவர்களை மட்டும் நம்பி நடத்தினால் ஒரு நாள் விருந்தோடு கதை முடிந்துவிடும்.

உங்கள் பட்டியல் பிளஸ் டூ முடித்தவர்களின் பட்டியல். அங்கேயே பாதிப் பேர் விட்டுப்போகிறார்கள். உங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்த எத்தனை பேர் பிளஸ் டூ வரை வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எட்டாவதோடு மாடு மேய்க்கப் போனவர், வயசுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண், பத்தாவதில் கணக்கில் பெயிலாகி அக்டோபரில் திரும்ப எழுதியும் தேறாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர், ஆந்திரா பக்கம் முறுக்குப் போடப் போனவர், இவர்களெல்லாம் உங்கள் வகுப்புதான். ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு, கடைசி இரண்டு வருஷம் இல்லாததால் அழைப்பு இல்லை என்றால் அது நியாயமாகாது. அதனால் "2001 பிளஸ் டூ" என்று தலைப்பு வைக்காமல், "1994-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களும், நடுவில் வந்து சேர்ந்தவர்களும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வரி மாற்றம்தான், ஆனால் யார் யார் தங்களுக்கும் இதில் இடம் உண்டு என்று நினைப்பார்கள் என்பதே மாறிவிடும்.

பெயர்கள் எங்கே கிடைக்கும்? பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம், 1994-ம் வருஷத்து ஏடும் பீரோவில் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பக்கத்தைப் படம் எடுக்க வேண்டாம். அதில் சாதி, பிறந்த தேதி எல்லாம் இருக்கும், அது குழுவில் சுற்றக்கூடாது. குரூப் போட்டோ யாரிடமாவது இருந்தால், பின்னால் எழுதியிருக்கும் பெயர் வரிசை பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க உதவும்.

அப்புறம் பட்டியலை ஊர்வாரியாகப் பிரியுங்கள். கொட்டாம்பட்டிக்கு ஒருவர், திருவாதவூருக்கு ஒருவர், வெள்ளலூருக்கு ஒருவர், கீழவளவுக்கு ஒருவர், தெற்குத்தெருவுக்கு ஒருவர் என்று பொறுப்பைக் கொடுங்கள். வெளியூர் போனவர்களை ஃபேஸ்புக்கில் பிடிக்கலாம். ஊரிலேயே இருப்பவர்களைப் பிடிக்க டீக்கடையும் ரேஷன் கடையும் கோயில் திருவிழாவும்தான் வழி. நேரில் போய்ச் சொல்லுங்கள். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால் "நம்மளையெல்லாம் யார் தேடப் போறா" என்று நினைக்கிறவர் நினைத்துக்கொண்டே இருப்பார். ஒருவர் வண்டியை நிறுத்தி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நீ வரலைன்னா நல்லாருக்காதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தால் அவருக்கு அதுதான் அழைப்பு.

பெண்கள் விஷயத்தை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கல்யாணமானதும் இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், போன் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். 25 வருஷம் கழித்து ஓர் ஆண் குரல் "நான் உங்க கிளாஸ்மேட்" என்று கூப்பிட்டால் பல வீடுகளில் அது அவர்களுக்குச் சங்கடமாகிவிடும். இப்போது இருக்கும் அந்த 4 பேரையும் உட்கார வைத்து, தேடும் வேலை, பேசும் வேலை, அழைக்கும் வேலை மூன்றையும் அவர்களிடமே முழுசாக ஒப்படையுங்கள். பெண்களுக்குத் தனிக் குழு வேண்டும் என்றால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். யாருடைய எண்ணையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் பொதுக் குழுவில் சேர்க்காதீர்கள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வரலாம் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். நிகழ்ச்சியைக் காலை 10 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் முடித்துவிடுங்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடலாம். ராத்திரி தங்கல், ரிசார்ட் என்று யாராவது ஆரம்பித்தால் அப்போதே மறுத்துவிடுங்கள். அது சில நண்பர்களின் தனிப்பட்ட பயணமாக வேறொரு நாள் இருக்கட்டும். மது குடிப்பதற்கும் அதே விதிதான். சந்திப்பு நாளன்று பள்ளிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் குடித்துவிட்டு வருகிற ஒருவர் போதும், அடுத்த வருஷம் பெண்களும் வரமாட்டார்கள், ஆசிரியர்களும் வரமாட்டார்கள்.

இனி தேதி. மதுரைப் பக்கம் எல்லா மாதத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஊருக்கே ஆள் வரும், ஆனால் லாட்ஜில் அறை கிடைக்காது, ரோடு நகராது, மேலூர்க்காரர்கள் பாதிப் பேர் அழகர் பின்னால் போயிருப்பார்கள். மே மாதம் வெயில் தாங்காது, முகூர்த்தமும் அதிகம். பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் இருப்பார்கள் என்பது உண்மை, ஆனால் பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக இருக்கும். வீட்டிலும் மாட்டுப் பொங்கல், உறவு முறை என்று ஆள் நகர முடியாது. மேலூர் வட்டாரம் பெரியாறு தண்ணீரில் ஒருபோகம் விளைகிற பூமி. தண்ணீர் திறந்து நடவு ஓடும் செப்டம்பர், அக்டோபரில் விவசாயம் பார்க்கிற நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். ஆடி மாதம் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் குறையும். வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு இருப்பவர்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் லீவுக்கு வருவார்கள். அவர்கள் அதிகமாக இருந்தால் ஆடி ஞாயிறு ஒன்றைப் பார்க்கலாம். என்ன, ஊர் ஊருக்குச் சாமி கும்பிடு இருக்கும், கேட்டுவிட்டுத்தான் குறிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் டிசம்பர் 25-க்கும் 31-க்கும் நடுவில் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை என்பதால் பள்ளிக்கூடம் காலியாக இருக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறைக் காலம். ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கும் லீவு எடுக்க வசதி. கிறிஸ்தவ நண்பர்களுக்கு கிறிஸ்துமஸ் முடிந்திருக்கும். நடவும் முடிந்து, அறுப்பும் இன்னும் வந்திருக்காது. ஒரே கவனம், மார்கழியில் ஐயப்பனுக்கும் பழநிக்கும் மாலை போட்டவர்கள் நிறைய இருப்பார்கள். பிரியாணி ஆசையை விட்டுவிட்டு இலை போட்டு நல்ல சைவச் சாப்பாடாக வையுங்கள். சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சட்டியில் பருத்திப்பால் காய்ச்சி ஊற்றினால் யாருக்கும் குறை இருக்காது. வாசலில் மாங்காய்க் கீற்று, இலந்தை வடை, சேமியா ஐஸ் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, செலவு அதிகமில்லை, பேச்சைத் தொடங்கிவைக்கும்.

இடம் பள்ளிக்கூடமாகத்தான் இருக்க வேண்டும். ஹோட்டல் ஹால் என்றால் உடுப்பு, செருப்பு எல்லாம் யோசித்துச் சிலர் நின்றுவிடுவார்கள். தாங்கள் படித்த பள்ளிக்குள் நுழைய யாருக்கும் கூச்சம் இருக்காது. அரசுப் பள்ளி என்பதால் தலைமை ஆசிரியர் வழியாக எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்குங்கள், அவர் தேவைப்பட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புவார். இரண்டு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கட்சிக்காரர் யாரும் மேடையில் இல்லை, சாதிச் சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், பெரிய பாரம் இறங்கியதுபோல் இருக்கும் அவருக்கு. நம் பகுதியில் பிளக்ஸ் போர்டு வைக்காமல் எதுவும் நடப்பதில்லை. பள்ளிக்குள் ஒரு பேனர் போதும். ரோட்டில் ஒன்று வைத்தால் அதில் யார் படம் பெரியது என்ற சண்டையில் சந்திப்பே உடைந்துபோகும்.

அன்றைக்கு மேடையில் என்ன நடக்கிறது என்பதுதான் வரத் தயங்கியவர் அடுத்த முறை வருவாரா என்பதை முடிவு செய்யும். "நான் இன்ன கம்பெனியில் மேனேஜர்" என்று ஒவ்வொருவராக மைக் பிடித்துச் சொல்ல வைக்கும் அறிமுகம் கொடுமை. நாலாவது ஆள் சொல்லி முடிக்கும்போதே கொத்தனார் வேலை பார்க்கிறவர் பின்பக்கமாக எழுந்து போய்விடுவார். பெயர், எந்த செக்ஷன், எந்த ஊர், எந்த ஆசிரியரை மறக்க முடியாது, இந்த நாலை மட்டும் கேளுங்கள். உத்தியோகம் பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ளட்டும். நன்கொடையாளருக்குத் தனி நாற்காலி, தனி மாலை வேண்டாம். மாலை, பொன்னாடை எல்லாம் ஆசிரியர்களுக்கு.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லும்போது, தமிழ் ஐயாவையும் கணக்கு டீச்சரையும் கூப்பிடாமல் விடமாட்டீர்கள். பி.டி. வாத்தியார், சத்துணவு ஆயா, வாட்ச்மேன், மணி அடித்தவர், ஆபீசில் டி.சி. எழுதிக் கொடுத்தவர், இவர்களையும் அதே வரிசையில் உட்கார வையுங்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கு வீட்டு வாசலுக்குக் கார் அனுப்புங்கள், கூட்டிவர அவரிடம் படித்த ஒருவரே போகட்டும். படி ஏறாத இடம், பக்கத்தில் சுத்தமான கழிப்பறை, சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு 12.30 மணிக்கே முதல் பந்தி. இறந்துபோன ஆசிரியர்களின் பெயரையும், இறந்துபோன வகுப்புத் தோழர்களின் பெயரையும் காலையில் முதல் வேலையாக வாசியுங்கள். 42, 43 வயதில் அந்தப் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிட நீளமாக இருக்கும்.

எல்லா ஆசிரியர்களின் பெயரையும், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை இருந்தார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிப் பள்ளியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மதுரை சேதுபதி பள்ளியில் பாரதியார் 1904-ல் சில மாதங்கள்தான் தமிழாசிரியராக இருந்தார், அந்தப் பள்ளிக்கு இன்றும் அது பெருமை. உங்கள் பள்ளியில் முப்பது வருஷம் உழைத்தவர்களின் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

பதிவுக்கு வருவோம். ஒரு நாள் சந்திப்புக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. வரவு செலவை ஒருவர் பார்க்க, இன்னொருவர் சரிபார்க்க, பில்லோடு ஒரு வாரத்துக்குள் குழுவில் போட்டுவிட்டால் போதும். பணம் வருஷம் தாண்டிக் கையில் நிற்கப் போகிறது என்றால்தான் சங்கம் தேவை. அப்படி நிற்கும் பணத்தை ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைக்கவே கூடாது. அவர் நேர்மையானவராக இருந்தாலும், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் அவருடைய வாரிசுகள் கைக்குப் போய்விடலாம். வருமான வரிக் கணக்கிலும் அவருக்குத் தொல்லை.

பள்ளியில் ஏற்கெனவே ஒரு முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் அதில் சேருங்கள், தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். ஒவ்வொரு வருஷத்து வகுப்புக்கும் ஒரு பதிவு பெற்ற சங்கம் என்பது தேவையில்லாத சுமை. பள்ளிக்கு ஒரே சங்கம், அதற்குள் எல்லா வருஷத்தவரும் என்றால், நீங்கள் சோர்ந்துபோகும்போது 2010-ல் முடித்தவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள்.

புதிதாகத் தொடங்குவதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். குறைந்தது 7 பேர் வேண்டும். சங்க விவரக்குறிப்பும் துணை விதிகளும் எழுதிப் பதிவுத் துறையின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். நிர்வாகக் குழுவின் பதவிக் காலம் 3 வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. வருஷம் ஒருமுறை பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் பதிவாளருக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். பல சங்கங்கள் செத்துப்போவது இங்கேதான். பதிவு செய்த உற்சாகத்தில் ஒரு வருஷம் ஓடும், அப்புறம் யாரும் கணக்குத் தாக்கல் செய்யமாட்டார்கள். அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் செய்யச் சம்மதிக்கும் பொறுமையான ஆளைப் பிடித்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள். தலைவர் கிடைப்பது எளிது, செயலாளரும் பொருளாளரும் கிடைப்பதுதான் அரிது. அறக்கட்டளையாகப் பதிந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், அது சார்பதிவாளர் அலுவலகத்தில் சீக்கிரம் முடியும். ஆனால் அதில் அறங்காவலர்கள் வைத்ததுதான் சட்டம், சாதாரண உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. வகுப்புத் தோழர்கள் கூடி நடத்தும் அமைப்புக்குச் சங்கம்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

பதிவுச் சான்றிதழை வைத்து பான் கார்டு, அதை வைத்து வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்ற ஏற்பாடு. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும், 80ஜி என்று எல்லாரும் சொல்லும் வரிச்சலுகைக்கு வருமான வரித் துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நோக்கம் கல்வி உதவியாக இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. நடுத்தரச் சம்பளக்காரர்கள் பலர் இப்போது புதிய முறைக்கு மாறிவிட்டதால், தொடக்கத்திலேயே இதற்காக அலைய வேண்டாம்.

சிங்கப்பூர் நண்பரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: உன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? அவர் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அங்கே நிரந்தரவாசியாக இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிடலாம். அவர் சிங்கப்பூர் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர் சட்டப்படி வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. வழக்கமான பதிவுக்குச் சங்கம் 3 வருஷமாவது நடந்திருக்க வேண்டும், அந்த 3 வருஷத்தில் 15 லட்சமாவது செலவு செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் வரும் கணக்கை புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில்தான் தொடங்க முடியும். புதுச் சங்கத்துக்கு இதெல்லாம் ஆகாத காரியம். "அவன் அண்ணன் கணக்குக்கு அனுப்பச் சொல்லி அங்கேயிருந்து வாங்கிக்குவோம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மாட்டிக்கொள்வது சங்க நிர்வாகிகள்தான்.

சரி, பணம் சட்டப்படி வரலாம் என்றே வைத்துக்கொள்வோம். வளைவு வேண்டுமா? அவர் ஆசை நல்ல ஆசை, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பள்ளிக்கு இப்போது என்ன இல்லை என்பதை நாம் வெளியிலிருந்து முடிவு செய்யக்கூடாது. மேலூர் ரோட்டில் ஒத்தக்கடைக்குப் பக்கம் கொடிக்குளம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்த நிலம் தேவைப்பட்டது. வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கும் ஆயி பூரணம் அம்மாள் 2024 ஜனவரியில் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடுத்தார். சுமார் 7 கோடி ரூபாய் மதிப்பு என்று செய்திகளில் வந்தது. காலமாகிவிட்ட தன் மகள் ஜனனியின் பெயரைக் கட்டடத்துக்கு வைக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அந்த வருஷக் குடியரசு தினத்தில் முதலமைச்சர் சிறப்பு விருது கொடுத்தார். பெயர் வைப்பதில் தப்பே இல்லை. பள்ளிக்கு எது அத்தியாவசியமோ அதன்மேல் அந்தப் பெயர் இருக்கிறது. உங்கள் நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் மனசு மாறும்.

தேவையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழிகள் இருக்கின்றன. தலைமை ஆசிரியர் ஒருவர். பெற்றோரும் ஆசிரியர்களும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இன்னொன்று. 2024-ல் அந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்தார்கள். உள்ளூரில் இருக்கும் உங்கள் தோழர் ஒருவர், முடிந்தால் ஒரு பெண், அதில் உறுப்பினராக இருந்தால் மாதம் ஒருமுறை பள்ளியின் நிலவரம் உங்களுக்குத் தெரிந்துவிடும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளத்தில் அரசுப் பள்ளிகளின் தேவைகள் பட்டியலாக இருக்கும். பள்ளியையும் வேலையையும் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கலாம். வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைகளை அந்த வழியாகச் செய்வதுதான் நல்லது. அரசு நிலத்தில் நாமாக ஒரு செங்கல் வைக்க முடியாது. வளைவுக்கும் அதே அனுமதி வேண்டும்.

சங்கம் தன் கையால் செய்ய வேண்டியது வேறு மாதிரி வேலைகள். அரசு எங்கே நிறுத்துகிறதோ அங்கே தொடங்குங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையில்தான் தொடங்கியது, ஆனால் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆக, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை காலை 8 மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு வெறும் வயிற்றோடு வந்து, சாயங்காலம் 6 மணி வரை இருக்கிறது. ஒரு பிள்ளைக்குச் சுண்டலும் டீயும் 15 ரூபாய் என்று வைத்தால், 60 பிள்ளைகளுக்கு நாளைக்கு 900 ரூபாய். பரீட்சைக்கு முந்தைய 60 வேலை நாளுக்கு 54,000 ரூபாய். வளைவுக்குச் சொன்ன 5 லட்சத்தில் இது 9 வருஷம் ஓடும். உள்ளூர்த் தோழி ஒருவருக்கே சமைக்கும் வேலையைக் கூலி கொடுத்துக் கொடுக்கலாம்.

இன்னோர் இடைவெளி ஜூன், ஜூலையில் வரும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரி படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் இந்தப் பணம் எல்லாம் சேர்ந்த பிறகு வருவது. சேருவதற்கு முன்னால் விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக்குப் போய்வர பஸ் காசு, ஹாஸ்டல் முன்பணம், இரண்டு செட் துணி, ஒரு போன் ரீசார்ஜ், எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் ரொக்கமாக வேண்டும். அந்த நேரத்தில் 5,000, 10,000 புரட்ட முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆசிரியர்கள் பெயர் சொன்னால் நாலு நாளில் பணம் போய்ச் சேரும்படி ஒரு சிறு நிதியை வைத்திருங்கள். படிப்பை முடித்துச் சம்பாதிக்கும்போது விரும்பினால் திருப்பிப் போடலாம், கேட்க வேண்டாம். கூடவே, கல்லூரி விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிக் கொடுக்கத் தெரிந்த இரண்டு தோழர்கள் அந்த மாதம் சனிக்கிழமைகளில் பள்ளியில் உட்கார்ந்தால் பணத்தைவிடப் பெரிய உதவி.

முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு என்று வைப்புநிதி போடுவது பழைய வழக்கம். 10,000 ரூபாய் போட்டால் 7 சதவீத வட்டியில் வருஷத்துக்கு 700 ரூபாய் வரும், இருபது வருஷம் கழித்து அதற்கு ஒரு புத்தகம் வருமா என்று தெரியாது. அதற்குப் பதில் ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் வருஷம் ஒரு நாள் பஸ் பிடித்து, புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும், கீழடி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள். மேலூரிலிருந்து இரண்டும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் சேர்ந்து போகும் பயணம் அது.

பள்ளிக்குச் செய்வது ஒரு பக்கம். உங்களுக்குள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதை வேறு பணமாக, வேறு கணக்காக வையுங்கள், கல்வி நிதியோடு கலக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் சேர்ந்தால் கூட நிற்க ஓர் ஆள், ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல், யாராவது இறந்துபோனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்னாகிறது என்று இரண்டு வருஷம் தொடர்ந்து கேட்க ஒருவர். இதற்கு அதிகப் பணம் வேண்டாம், ஆள்தான் வேண்டும். குழுவில் சீட்டுப் பிடிப்பது, பாலிசி விற்பது, மனை விற்பது, கட்சிப் பேச்சு, சாதிப் பேச்சு எதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள். கடன் கேட்டு யாராவது குழுவில் போட்டால், நிர்வாகி ஒருவர் தனியாக அவரோடு பேசட்டும். பொதுவில் அவர் கேட்டுக் கிடைக்காமல் போனால் அப்புறம் அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டார்.

கடைசியாகச் சந்தா. எல்லாருக்கும் ஒரே தொகை, சின்னத் தொகை. வருஷத்துக்கு 300 ரூபாய் என்றால் கூலி வேலை பார்ப்பவரும் கௌரவமாகக் கொடுப்பார், ஓட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அதிகம் கொடுக்க முடிந்தவர்கள் கல்வி நிதிக்குத் தனியாகக் கொடுக்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ரசீதிலும் தணிக்கைக் கணக்கிலும் இருக்கும், மேடையிலும் குழுவிலும் வேண்டாம். சந்திப்பு நாள் செலவுக்கும் இதே முறைதான். மொத்தச் செலவை முதலில் போட்டு, ஆளுக்கு 500 ரூபாய் ஆகிறது என்றால், 500 கொடுக்க முடியாதவர்கள் யார் என்று அந்தந்த ஊர்ப் பொறுப்பாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும், மீதியை இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளலாம். சந்திப்பு நாளன்று வாசலில் மேஜை போட்டுச் சந்தா வாங்காதீர்கள். பொங்கல் முடியட்டும், அதற்குள் செலவுக் கணக்கைப் பில்லோடு எல்லாருக்கும் அனுப்பியிருப்பீர்கள். அதைப் பார்த்தபிறகு யார் யார் 300 அனுப்புகிறார்கள் என்று எண்ணுங்கள். 30, 40 பேராவது அனுப்பினால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அவ்வளவு வரவில்லை என்றால் இன்னொரு வருஷம் சும்மா கூடுங்கள், சுண்டல் வேலையை மட்டும் தொடங்கிவிடுங்கள்.